உங்கள் பிள்ளையோடு விளையாடுகிறீர்களா?

"விளையாட எனக்கு எங்கே நேரம்? விடியற்காலையில் எழும்பினால் சமையல், மூத்தவனைப் பள்ளிக்கு அனுப்புவது, உடுப்புக் கழுவுவது... சின்னவன் அழுதால் போனைக் கையில் கொடுத்துவிடுவேன். அதைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடப்பான்."

எட்டு மாதக் குழந்தையின் தாயான ஒரு சகோதரி சொன்னது இது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கணவர் வெளிநாட்டில், கைக்கு உதவியாக வீட்டில் யாருமில்லை. ஆனால் அதே சகோதரி அடுத்த மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: "மூத்தவன் இந்த வயதில் ஓயாமல் ஏதாவது கத்திக்கொண்டிருப்பான். இவன் என் முகத்தைப் பார்ப்பதே குறைவு."

சகோதரிகளே, இந்த இரண்டாவது பேச்சைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

விளையாட்டு என்றதும் நமக்குக் கடைச்சாமான் ஞாபகம் வருகிறது. பற்றரி போட்டால் பாடும் கார், விலையுயர்ந்த பொம்மை! குழந்தைக்கு அவை தேவையில்லை. அதற்கு முதல் விளையாட்டுச் சாமான் உம்மாவின் முகம். இரண்டாவது, உம்மாவின் குரல். இவ்விரண்டும் இருந்தால் மற்றதெல்லாம் குசினியிலேயே கிடைக்கும்.

இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. ஜமெய்க்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1980களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணிப்பெண்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் சென்று, வீட்டிலேயே செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்மாருக்குக் காட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் இது தொடர்ந்தது. சுமார் 20 வருடங்களுக்குப் பின் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, அத்தகைய விளையாட்டுக் கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்களின் வருமானம் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2014இல் வெளிவந்த முடிவு இது. கையால் செய்த சாமானும் தாயின் பேச்சும் செய்த வேலையைப் பாருங்கள்!

சரி, எந்த வயதில் என்ன விளையாடலாம்?

முதல் மூன்று மாதம்

பிறந்த குழந்தைக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் உள்ளதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். நீங்கள் பால் கொடுக்கும்போது உங்கள் முகம் இருக்கும் தூரம் அது. எனவே பால் கொடுக்கும் நேரத்தில் வேறெங்கும் பார்க்காமல் பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். நாக்கை மெதுவாக வெளியே நீட்டுங்கள், வாயைத் திறந்து மூடுங்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் அதுவும் வாயை அசைத்துப் பார்க்கும். அது "ங்கு..." என்றால் நீங்களும் "ங்கு..." என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதற்குப் பதில் சொல்ல இடம் கொடுங்கள். பேச்சு என்பது மாறி மாறி வருவது என்ற முதல் பாடம் இதுதான்.

பிள்ளை விழித்திருக்கும் வேளையில் பாயை விரித்துக் குப்புறப் படுக்க வைத்து, நீங்களும் எதிரே படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். கழுத்தும் தோளும் பலப்படும். ஆரம்பத்தில் ஓரிரு நிமிடம் போதும். தவழத் தொடங்காத குழந்தைகளுக்கு நாள் முழுவதும் சேர்த்து அரை மணி நேரமாவது இப்படி வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் அறிவுறுத்தியது. நாள் முழுக்க ஏணையிலேயே கிடக்கும் பிள்ளைக்கு இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஆனால் ஒன்று: தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். குப்புறப் படுப்பது விழித்திருக்கும்போது, உங்கள் கண் முன்னால் மட்டும்.

நான்கு முதல் ஆறு மாதம்

இப்போது கை நீட்டிப் பிடிக்கும் பருவம். சிறிய பிளாஸ்டிக் போத்தலைக் கழுவிக் காய வைத்து ஒரு கைப்பிடி பயறு போடுங்கள். மூடியை இறுக்கி, மேலே நன்றாக டேப் சுற்றுங்கள். கிலுக்கி தயார். பிள்ளையின் ஒரு பக்கத்தில் ஆட்டுங்கள். திரும்பிப் பார்த்ததும் மறுபக்கம் ஆட்டுங்கள். பிறகு கையில் கொடுத்துவிடுங்கள். தான் ஆட்டினால் சத்தம் வருகிறது என்று அது கண்டுபிடிக்கும் அந்த நிமிடத்தைத் தவற விடாதீர்கள்!

நம் மூத்தம்மாமார் விளையாடிய விளையாட்டுகளும் இந்த வயதுக்கே உரியவை. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகப் பங்கு வைத்து, கடைசியில் இரண்டு விரலை நண்டு மாதிரி நடத்திக்கொண்டுபோய்க் கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுவார்களே, அதில் எத்தனை இருக்கிறது! தொடுகை, தாளம், விரல்களைத் தனித்தனியே உணர்வது, அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு. நாலைந்து தடவை விளையாடிய பின் நண்டு புறப்படும் முன்பே பிள்ளை சிரிக்கத் தொடங்கும். நினைவு வளர்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஏழு முதல் ஒன்பது மாதம்

இது ஒளிந்து பிடிக்கும் காலம். முந்தானையால் முகத்தை மூடி, "உம்மா எங்கே?" என்று கேட்டு, சட்டென்று விலக்குங்கள். நூறு தடவை செய்தாலும் சலிக்காது. ஏன் தெரியுமா? சிறு குழந்தைக்குக் கண்ணுக்குத் தெரியாத பொருள் இல்லாத பொருளைப் போலத்தான். மறைந்தாலும் அது இருக்கிறது என்ற அறிவு ஏறக்குறைய எட்டு மாத அளவில் தெளிவாகிறது என்று சுவிட்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே எழுதினார். நீங்கள் குசினிக்குப் போனால் இந்த வயதுப் பிள்ளை கத்தி அழுவதும் இதனால்தான். உம்மா எங்கோ இருக்கிறார் என்று தெரிகிறது. திரும்பி வருவாரா என்பது தெரியவில்லை. மறைந்த உம்மா திரும்பி வருவார் என்பதை முந்தானை விளையாட்டு சிரிப்போடு சொல்லிக் கொடுக்கிறது.

அடுத்து, ஒரு கரண்டியைத் துணிக்கு அடியில் பாதி மறைத்துத் தேட விடுங்கள். பிறகு முழுதாக மறையுங்கள். நீங்கள் சமைக்கும்போது, அடுப்புக்கு எட்டாத இடத்தில் பிள்ளையை உட்கார வைத்து ஒரு சட்டியும் மர அகப்பையும் கொடுங்கள். தட்டட்டும். நீங்கள் வெங்காயம் உரித்தபடியே கதையுங்கள்: "இது வெங்காயம். உம்மாவுக்குக் கண் எரியுது." தனியாக நேரம் ஒதுக்க முடியாத தாய்க்கு இதுவே விளையாட்டு.

பத்து முதல் பன்னிரண்டு மாதம்

போடுவதும் எடுப்பதும்தான் இப்போது வேலை. வெறும் பால்மாப் பேணியின் வாயோரத்தை விரல் வெட்டாதபடி டேப் ஒட்டி, துணிப் பந்துகளைப் போட்டு எடுக்க விடுங்கள். பழைய சீத்தைத் துண்டுகளைச் சுருட்டித் தைத்தால் பந்து ரெடி. அதை உருட்டிவிட்டு "உம்மாவுக்குத் தா" என்று கை நீட்டுங்கள். மூத்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்தாவும் நானாவும் சேர்ந்தால் தம்பிக்குக் கொண்டாட்டம்.

கவனிக்க வேண்டியவை

குழந்தை எதையும் வாயில் வைக்கும். அதன் வாய்க்குள் முழுதாக நுழையக்கூடிய பொத்தான், மஞ்சாடி விதை, கடலை, வெடித்த பலூன் துண்டு எதுவும் எட்டக்கூடாது. குன்றிமணி நஞ்சு, வீட்டிலேயே வேண்டாம். தண்ணீரில் விளையாட விட்டால் ஒரு விநாடிகூட அகலாதீர்கள். வாளியின் அடியில் கிடக்கும் தண்ணீரே ஆபத்து. பாசத்தில் மாமாவும் சாச்சாவும் உயரே எறிந்து பிடிப்பதையும் பலமாகக் குலுக்குவதையும் தடுங்கள். அந்தக் குலுக்கலில் மூளையில் இரத்தம் கசியக்கூடும்.

கைத்தொலைபேசியைப் பொறுத்தவரை, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். வெளிநாட்டிலிருந்து வாப்பா முகம் காட்டிப் பேசுவது வேறு. அவர் சிரிப்புக்குச் சிரிப்பார், கேள்விக்குப் பதில் சொல்வார். படம் அப்படிச் செய்யாது.

விளையாட்டு இன்னொரு நன்மையும் செய்கிறது. கோளாறு இருந்தால் காட்டிக் கொடுக்கும். மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காத, ஆறு மாதமாகியும் ஓசை வரும் பக்கம் திரும்பாத, ஒன்பது மாதமாகியும் தாங்கலின்றி உட்காராத பிள்ளையைப் பற்றி, "வாப்பாவும் இப்படித்தான் பிந்தினார்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள், கிளினிக்கில் காட்டுங்கள். செவிக்குறை போன்றவற்றை எவ்வளவு முன்னதாகக் கண்டுகொள்கிறோமோ அவ்வளவு நல்லது.

முன்னே சொன்ன சகோதரியும் பயந்துபோய் மகனைக் கிளினிக்குக்குக் கொண்டு போனார். காதில் குறையில்லை என்றார்கள். போனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சமைக்கும்போது மகனைக் குசினிப் பாயில் உட்கார வைக்கத் தொடங்கினார். முதல் இரண்டு நாள் ஒரே அழுகையாம். பத்தாம் பதினோராம் நாள், கறிச்சட்டியை இறக்கிக்கொண்டிருந்தவருக்குப் பின்னாலிருந்து "ம்மா" என்றொரு சத்தம். அது தன்னைத்தான் அழைத்ததா, வெறும் உளறலா என்று தெரியாது என்கிறார். "ஆனால் நான் திரும்பிப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்."

பாயை விரியுங்கள் சகோதரியே. சோறு வேகும் நேரம் போதும்.