ஆம்ப் இல்லாமலே ஆம்ப் ஒலி எப்படி வருகிறது?

தூத்துக்குடி முதலான முத்துக்குளித்துறை ஊர்களின் உப்புக்காற்றில் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரைப் பராமரிப்பது பெரும்பாடு. ஜாக்கிலும் சாக்கெட் முனைகளிலும் களிம்பேறிவிடும். அந்தப் பெட்டியின் வேலையை இன்று லேப்டாப்பில் ஒரு மென்பொருளே செய்துவிடுகிறது. எப்படி?

கிட்டாரின் பிக்கப், கம்பியின் அதிர்வைச் சிறு மின் அலையாக மாற்றுகிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் அதை, எடுத்துக்காட்டாக, நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அதன்பின் எல்லாம் கணக்குதான்.

வால்வை அதன் வரம்புக்கு மேல் தள்ளினால் அலையின் உச்சியும் அடியும் மழுங்கும். அப்போது 110 ஹெர்ட்ஸில் அதிரும் ஐந்தாம் கம்பியில் 220, 330, 440 என்ற மடங்குகளும் வலுப்பெறும். நாம் ரசிக்கும் 'டிஸ்டார்ஷன்' இதுதான். மென்பொருள் இந்த மழுங்கலைச் சமன்பாடாக்கி, வரும் ஒவ்வோர் எண்ணிலும் செலுத்துகிறது.

அடுத்தது ஸ்பீக்கர் பெட்டி. அது உயர் அதிர்வெண்களை வடிகட்டும். அந்தக் குணத்தை மைக் வைத்து அளந்து எடுத்த பதிவே 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்'. அதைச் சேர்க்க மறந்தால் ஒலி குளவி ரீங்காரம்போல் காதைக் குத்தும்.

கம்பியை மீட்டியபின் ஒலி சற்றுத் தாமதமாக வருவது ஏன்? கணினி எண்களைத் தொகுதி தொகுதியாகக் கணக்கிடுகிறது. 128 எண்களுக்கு 2.7 மில்லி விநாடி, காதுக்குத் தெரியாது. 1,024 என்று வைத்தால் 21 மில்லி விநாடி, தாளம் தப்பும். எனவே, கணினி திணறாத அளவுக்கு, தொகுதியின் அளவான 'பஃபர்' எண்ணைக் குறையுங்கள்.

கிட்டாரிக்ஸ், நியூரல் ஆம்ப் மாடலர் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆம்ப் வாங்க வசதியில்லை என்று கிட்டாரை ஓரங்கட்டாதீர்கள். லேப்டாப்புடன் ஓர் இன்டர்ஃபேஸும் ஹெட்போனும் போதும், தொடங்கிவிடலாம்.