தழும்பில் முடி வருமா? கால்நடை வைத்திருப்போருக்கு

மாட்டுக்கோ குதிரைக்கோ முடி முளைப்பது தோலின் உட்படையில் உள்ள மயிர்க்கால்களிலிருந்து. காயம் மேலோடு நின்றால் அவை தப்பிவிடும். சில வாரங்களில் முடி தானாக வரும். வெட்டோ சூடோ முழு ஆழத்துக்கும் இறங்கினால் அந்த இடத்தைத் தழும்புத் திசு அடைத்துக்கொள்ளும். அதில் மயிர்க்கால் கிடையாது. எந்த எண்ணெயும் களிம்பும் அதைப் புதிதாக உண்டாக்கப் போவதில்லை. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. மயிர்க்கால் பிழைத்து, நிறம் கொடுக்கும் செல்கள் மட்டும் செத்தால் வெள்ளை முடி வரும். குதிரை முதுகில் சேணம் அழுத்திய இடங்களில் காணும் வெள்ளைத் திட்டுகள் இவ்வகை.

ஆகவே முடிக்கான வைத்தியம் என்பது உண்மையில் புண்ணுக்கான வைத்தியந்தான். கிழக்கிலங்கையின் மருதமுனை, பெரியநீலாவணைப் பக்கத்தில் மாடுகளுக்குப் புண் வரும் வழிகள் பல: நுகம் உரசிய பிடரி, முட்கம்பி, நாய்க்கடி, வயலுக்குள் இறங்கிய கட்டாக்காலி மாட்டின் மேல் விழும் கத்திவெட்டு. ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் 9 கிராம் உப்புக் கரைத்து, அழுக்குப் போகும்வரை ஊற்றிக் கழுவுவதே முதல் வேலை. தைக்க வேண்டிய வெட்டானால் அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். சில மணி நேரத்துக்குள் ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் தழும்பு கோடாகச் சுருங்கி, இரு பக்க முடியும் அதை மூடிவிடும். சுட்ட புண்ணுக்கு உடனே குளிர்ந்த நீர், குறைந்தது 20 நிமிடம்.

மண்ணெண்ணெயும் வாகனத்தின் கழிவெண்ணெயும் ஈயை விரட்டும் என்று பூசுவதுண்டு. ஈ போகலாம், கூடவே பிழைத்திருந்த தோலும் வெந்துபோகும், கையளவு தழும்பு இரு கையளவாகும். புழு வைத்துவிட்டால் அதை எடுத்து மருந்திடுவது வைத்தியரின் வேலை. மாரிக்காலத்தில் புண் நாள்முழுக்க ஈரமாகவே கிடப்பதால் மாட்டை உலர்ந்த இடத்தில் கட்ட வேண்டும். நுகப்புண் ஆறி முடி மூடும்வரை வண்டியில் பூட்டக்கூடாது. நாய் கடித்த மாடானால் கையுறை போட்டே தொட வேண்டும். அதன் எச்சில் வெறுங்கையில் பட்டவர் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குப் போய் விசர்நாய்க்கடித் தடுப்பு பற்றிக் கேட்க வேண்டும். ஊசி போட்ட பசுவின் பாலை வைத்தியர் சொன்ன நாள் கழியுமுன் விற்பது குடிப்பவருக்குச் செய்யும் தீங்கு.

குதிரையில் இரண்டு சங்கடங்கள் கூடுதல். ஏற்புவலி அதை மாட்டைவிட எளிதில் பிடிக்கும். சிறு குத்துக்கும் தடுப்பூசி முக்கியம். முழங்காலுக்குக் கீழ் உள்ள புண் சுருங்காமல் தசை பொங்கி வளரும். அதை வெட்டிச் சமப்படுத்தாவிட்டால் தோல் மூடாது, முடியும் வராது. ஆறிய சிறு தழும்பை அறுத்தெடுத்து ஓரங்களைத் தைப்பதும், முடியுள்ள தோலைத் துண்டு துண்டாக நடுவதும் நடைமுறையில் உண்டு. வஸ்லின் தடவி நீவினால் தழும்பு மிருதுவாகும், வெடிக்காது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

முடி வரக்கூடாது என்றே உண்டாக்கும் தழும்பும் இருக்கிறது: குறி. கிழக்கில் பட்டியாக மேயும் மாடுகளின் தொடையிலும் விலாவிலும் பெயரெழுத்துச் சுடுவது பழைய வழக்கம். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் குறியிடலையும் பதிவையும் ஒழுங்குபடுத்துகிறது. குறி உரிமைக்குச் சான்று. எனவே குறித்தழும்பை வெட்டியோ மேலே சுட்டோ மாற்றுவது திருட்டு வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். மாடு வாங்குபவர் குறியையும் பத்திரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. முகத்தில் சூடு போடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் மருதமுனையில் பலரும் அறிந்தது. வைத்தியக் காரணமும் அதே பக்கம்தான்: கண்ணும் மூக்கும் அருகில். பெரிய எழுத்துகளை விலா முழுக்க இழுப்பதும் தேவையற்ற வதை. திரவ நைதரசனால் குளிரூட்டிய இரும்பு வைத்தால் அவ்விடத்தில் வெள்ளை முடி முளைத்து அதுவே குறியாகும். காது அட்டை இன்னும் எளிது.

அடுத்தவர் மாட்டை வெட்டியதற்கும் எரித்ததற்கும் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் பொருந்தும். தண்டனை 100 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத் தொகை இன்று சிரிப்புக்கிடமானது. 2006இல் சட்ட ஆணைக்குழு விலங்கு நலச் சட்டமூலம் வரைந்தும் அது நிறைவேறாமல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தண்டனைச் சட்டக்கோவை மாட்டைக் கொல்வதையும் முடமாக்குவதையும் தனிக் குற்றமாகக் கொள்வதால், முறைப்பாட்டில் அதையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். புண்ணைக் கழுவுமுன் நாள் தெரியும்படி படம், கால்நடை வைத்தியரின் அறிக்கை, குறியின் படம் ஆகிய மூன்றுடன் பொலிஸ் நிலையம் போனால் முறைப்பாடு வலுப்பெறும். வைத்தியச் செலவு கேட்பவருக்கு மத்தியஸ்த சபை உண்டு.

பயிர் அழிந்த விவசாயிக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டப்படி மாட்டைப் பிடித்து ஒப்படைத்து நட்டஈடு கோரலாம். வீதியில் அலையும் மாடு பற்றிக் கல்முனை மாநகர சபைக்கு அறிவிக்கலாம். கத்தி எடுத்தால் அந்த நட்டஈட்டுக்காரரே எதிரியாகிப் போவார்.