இதய நாளங்களும் துடிப்பின் ஒழுங்கும்

கடலின் நீரோட்டத்தைத் தீவக மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சோளகம் எழுந்தால் நெடுந்தீவுக் கடல் எவ்வாறு கொந்தளிக்கும் என்பதை நயினாதீவுச் சிறுவனும் அறிவான். ஆயினும் நம் நெஞ்சினுள் இரவு பகலாக நிகழும் இரத்த ஓட்டத்தின் வழிகளை நம்மிற் பலர் அறியோம். அவ்வழிகளுட் சில, இதயத்தின் தாளத்தைக் கெடுக்கவும் வல்லன. கெட்ட தாளத்தைத் திருத்த உதவவும் வல்லன. அவற்றையே இங்கு நோக்குவோம்.

உடலமைப்பைக் கூறும் கலைக்கு ‘அங்காதிபாதம்’ என்பது நம் நாட்டில் வழங்கிய பழம்பெயர். 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் நூல் 1872 இல் வெளிவந்தது. அந்நாள் தொட்டே இக்கலை நம்மவர்க்கு அயலானதன்று.

நாடியும் நாளமும்

இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் குழாய் நாடி. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொணரும் குழாய் நாளம். மணிக்கட்டில் வைத்தியர் தொட்டுப் பார்ப்பது நாடியின் துடிப்பையே. இதயத்தின் மேற்பகுதியில் இரண்டு சோணையறைகளும் கீழ்ப்பகுதியில் இரண்டு இதயவறைகளும் உள்ளன. உடலின் மேற்பகுதியிலிருந்து வரும் பெருநாளம் வலச் சோணையறையிற் சேருமிடத்தில், துடிப்பைத் தொடக்கிவைக்கும் சிறு கணு ஒன்று உண்டு. கீத், பிளாக் என்னும் இருவர் 1907 இல் அதனைக் கண்டு வெளியிட்டனர். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரையான துடிப்பை அக்கணுவே நடத்துகின்றது.

கலகம் தொடங்குமிடம்

இரு நுரையீரல்களிலிருந்தும் பெரும்பாலும் நான்கு நாளங்கள் இடச் சோணையறையின் பின்புறத்தில் வந்து திறக்கின்றன. சோணையறையின் தசை இவற்றின் வாயைக் கடந்து, சட்டைக் கைபோலச் சிறிது தூரம் நாளத்தின்மேற் படர்ந்திருக்கும். சிலரிடத்தில் இத்தசை, கணுவின் ஆணைக்குக் காத்திராது தானே மின்பொறிகளை எழுப்பிவிடுகின்றது. அப்போது சோணையறை நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேலாகத் துடிதுடித்து, ஒழுங்காகச் சுருங்கமாட்டாது நடுங்குகின்றது.

பிரான்சு நாட்டுப் போர்தோ நகரத்து வைத்தியர் மிஷேல் ஐசகேரும் அவர் குழுவினரும் 1998 இல் வெளியிட்ட ஆய்வே இதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது. 45 நோயாளரிடம் அவர்கள் கண்ட 69 தோற்றுவாய்களுள் 65 நுரையீரல் நாளங்களிலேயே இருந்தன.

இக்கண்டுபிடிப்பிலிருந்து சிகிச்சை முறை பிறந்தது. தொடையடியில் உள்ள நாளத்தின் வழியாக மெல்லிய குழாயொன்றை இதயத்துக்குச் செலுத்தி, இடைச்சுவரைத் துளைத்து இடப்புறம் சென்று, நாளங்களின் வாயைச் சுற்றிச் சூட்டினாலோ குளிரினாலோ வடுவொன்றை உண்டாக்குவர். கலகப்பொறி அவ்வடுவைத் தாண்டமாட்டாது. நாளங்களின் எண்ணும் வடிவும் ஆளுக்காள் வேறுபடலாம். இடப்புறத்து இரண்டும் ஒன்றாகிச் சேர்வதுண்டு; வலப்புறத்தில் மேலதிகமாக ஒன்று இருப்பதும் உண்டு. ஆதலால் முன்னரே படம்பிடித்து வழியறிந்துகொள்ளும் வழக்கம் உள்ளது. இச்சிகிச்சை எல்லோர்க்கும் வேண்டியதன்று. மருந்தினால் அடங்குவோரும் உளர்.

இதயத்தின் குடா

இதயத் தசைக்கு ஊட்டமளித்த இரத்தத்தின் பெரும்பகுதி, இதயத்தின் பின்புறத்துப் பள்ளத்தில் உள்ள அகன்ற நாளமொன்றிற் கூடி வலச் சோணையறையை அடைகின்றது. இதனை முடியுருக் குடா எனலாம். வலப்புறத்திலிருந்து நுழைந்து இடப்புறத்தை அணுகுதற்கு ஏற்ற வழி இது. இதனுள் மின்கம்பி வைத்து இடப்பக்கத்து மின்னோட்டத்தை அறிகின்றனர். இரு இதயவறைகளும் ஒருங்கே சுருங்காது தளர்ந்த சிலருக்கு, துடிப்பியக்கும் கருவியின் கம்பியை இக்குடாவின் கிளையொன்றிற் பதித்து இரண்டையும் ஒத்தியங்கச் செய்கின்றனர். குடாவின் வாயிலில் உள்ள சிறு தடுக்கிதழ் சிலரில் நுழைவைத் தடுப்பதுமுண்டு. அங்கே வைத்தியர்க்கு அங்காதிபாத அறிவே துணை.

நாம் செய்யத்தக்கது

சோணையறை நடுங்கும்போது இரத்தம் தேங்கி உறைகின்றது. அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் உண்டாகும். இந்நடுக்கம் உள்ளவர்க்கு அவ்வாபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. பாரிசவாதம் கண்டபின் உறைகட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகிற் செல்லவே ஒரு மணி நேரமளவு ஆகும். அப்பால் யாழ்ப்பாண நகருக்குத் தரைவழி வேறு உண்டு. இரவிலோ காற்றுக் காலத்திலோ நேர்ந்தால் சொல்லவேண்டுவதில்லை. ஆகவே வருமுன் காப்பது தீவக மக்களுக்கு மற்றையோரினும் இன்றியமையாதது.

அதற்குப் பொருட்செலவு இல்லை. பாட்டனார், பாட்டியார் இருக்கும் வீடுகளில் மாணவர்கள் மாதமொருமுறையேனும் அவர்தம் மணிக்கட்டில் பெருவிரலுக்கு நேர்க்கீழே இரண்டு விரல்களை வைத்து, கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் நாடியை எண்ணலாம். துடிப்புகளின் இடைவெளி ஒன்றுபோல் இருந்தால் நன்று. முறையின்றித் தாவியும் தயங்கியும் துடித்தால், நோவு இல்லையென்று வாளாவிராது வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று ஈ.சி.ஜி. எடுப்பித்தல் வேண்டும். சிறுவயதில் வாதக்காய்ச்சலால் இதயத் தடுக்கிதழ் பழுதுற்றோரும், இரத்த அழுத்தம் உடையோரும் இதிற் கூடிய கவனம் செலுத்துக. இரத்தம் உறையாதிருக்க வைத்தியர் தரும் மருந்தை, சுகமாயிற்றென்று தாமாகவே நிறுத்துவது பேராபத்து. படகு ஓடாத நாள்களையும் எண்ணி, அம்மருந்தைத் தீருமுன்னரே பெற்று வைத்துக்கொள்வது தீவகக் குடும்பங்களின் கடமையாகும்.