பழைய வயரை அறுக்கும் முன்…

கேமராவை மாற்றுங்கள், பதிவுப் பெட்டியை மாற்றுங்கள். சுவருக்குள் ஓடும் கேபிளை மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் பக்கத்துப் புதூர் வரைக்கும் கரிசல் ஊர்களில் வீட்டு வாசலில் கேமரா மாட்டுவதற்குத் திருட்டுப் பயம் மட்டும் காரணம் இல்லை. பிள்ளைகள் சென்னையிலோ திருப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். ஊரில் அம்மாவும் அப்பாவும் தனியாக இருக்கிறார்கள். களத்தில் வத்தல் காய்கிறது. குடோனில் மக்காச்சோள மூட்டை அடுக்கியிருக்கிறது. ராத்திரி ஒரு தடவை போனில் வாசலைப் பார்த்துக்கொண்டால் பிள்ளைக்கு நிம்மதி, பெற்றவர்களுக்குத் தெம்பு.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மாட்டிய கேமராக்கள் இன்று அந்த நிம்மதியைத் தருவதில்லை. வாசலில் ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. வண்டி போவது தெரிகிறது, நம்பர் தெரியவில்லை. மாற்றலாம் என்று ஆளைக் கூப்பிட்டால் பல இடங்களில் முதல் பேச்சே இதுதான்: “பழசை எல்லாம் உருவிப் போட்டுட்டு, புதுசா கேட்-6 நெட்வொர்க் வயர் இழுத்துருவோம் அண்ணாச்சி.”

உருவிப் போடுவது என்றால் பூசிய சுவரைக் கொத்த வேண்டும், திரும்பப் பூச வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும். சில வீடுகளில் இந்தச் செலவு கேமரா விலையையே தாண்டிவிடும். நல்ல செம்புக் கேபிள் போட்ட வீட்டுக்கு இது வீண் செலவு. அங்கே மாற்ற வேண்டியவை இரண்டு முனைகளில் இருக்கும் கருவிகள்தான்.

கறுப்பு உறைக்குள் என்ன இருக்கிறது?

நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றி வெள்ளை நுரை. நுரைக்கு மேல் மெல்லிய கம்பிகளால் பின்னிய வலை. எல்லாவற்றுக்கும் மேல் பிளாஸ்டிக் உறை. இதுதான் கோஆக்ஸியல் கேபிள். ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேயர் 1880-லேயே இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். வெளி வலை வேலி போல நின்று இரைச்சலைத் தடுப்பதால் உள்ளே போகும் சிக்னல் கெடாது.

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் இது டி.வி.யோடு வந்தது. 2006-ல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். 2007-ல் அரசு கேபிள் டி.வி. நிறுவனம்; 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு. குக்கிராமத்து வீட்டிலும் கறுப்பு வயர் ஏறியது. அதன் பிறகு கேமரா வந்தபோது வந்தது ‘3+1’ கேபிள்: படத்துக்கு ஒரு கோஆக்ஸியல், கரண்டுக்கும் ஒலிக்குமாக மூன்று மெல்லிய வயர்கள், எல்லாம் ஒரே உறைக்குள்.

அதே வயரில் புதுப் படம் எப்படி?

பழைய கேமராவின் படம் மங்கலாக இருந்ததற்கு வயர் காரணம் இல்லை. அந்தக் கேமராவும் பெட்டியும் பழைய டி.வி. காலத்து முறையில் பேசிக்கொண்டன. அந்த முறையில் பதிவாகும் படத்தில் பொதுவாக 704-க்கு 576, அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகள். இன்றைய சாதாரண 2 மெகாபிக்சல் படத்தில் 1920-க்கு 1080, சுமார் 20 லட்சத்து 70 ஆயிரம் புள்ளிகள். ஐந்து மடங்கு.

இந்த ஐந்து மடங்கையும் அதே கோஆக்ஸியலில் அனுப்பும் வழி 2012 வாக்கில் வந்தது. எச்.டி.-சி.வி.ஐ., எச்.டி.-டி.வி.ஐ., ஏ.எச்.டி. என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள்; அடிப்படை ஒன்றுதான். படத்தை டிஜிட்டலாகச் சுருக்காமல், உயர்ந்த அலைவரிசையில் அனலாக்காகவே அனுப்புகிறார்கள். நல்ல கேபிளில் 1080 படம் இருநூறு மீட்டருக்கு மேலும் போகும். கேட்-6 வயரில், படத்தை டிஜிட்டலாக அனுப்பும் நெட்வொர்க் கேமராவுக்கு வரம்பு 100 மீட்டர். புதூர்ப் பக்கம் வீட்டிலிருந்து தொழுவம், தொழுவத்திலிருந்து களம் என்று விரியும் மனைகளில் இந்த வித்தியாசம் பெரிது.

கேமராவை மட்டும் மாற்றினால் போதாது. டி.வி.ஆர். என்ற பழைய பதிவுப் பெட்டிக்குப் புதிய சிக்னல் புரியாது. இப்போது விற்கும் எக்ஸ்.வி.ஆர். பெட்டிகள் பெரும்பாலும் பழைய கேமரா, மூன்று வகைப் புதிய கேமரா, நெட்வொர்க் கேமரா எல்லாவற்றையும் ஏற்கும். முதலில் பெட்டி, பிறகு வாசல் கேமரா, அடுத்த அறுவடைக்குப் பிறகு மற்றவை என்று கைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

பிளேடு, காந்தம், மீட்டர்

வயர் தேறுமா தேறாதா என்பதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கரண்டை நிறுத்தி, இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, ஒரு முனையில் உறையை இரண்டு விரற்கடை சீவ வேண்டும். வலை செம்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தால் நல்லது. கறுத்திருந்தாலோ பச்சை பூத்திருந்தாலோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெட்டிக்கொண்டே போய், ஓர் அடிக்குள் சுத்தமான செம்பு வந்தால் தப்பித்தது. வராவிட்டால் அந்த வயரை நம்பக் கூடாது.

அடுத்து நடுக்கம்பி. பிளேடால் மெல்லச் சுரண்டினால் உள்ளேயும் சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகத் தெரிந்து, காந்தமும் ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. கேபிள் டி.வி.க்குப் போட்ட வயர்கள் பல இப்படித்தான் இருக்கும். டி.வி. சேனல்களின் உயர்ந்த அலைவரிசை கம்பியின் மேல்தோலிலேயே ஓடிவிடுவதால் அங்கே குறை தெரியாது. கேமரா சிக்னலில் தாழ்ந்த அலைவரிசையும் இருக்கிறது. அது கம்பியின் உள்ளேயும் ஓட வேண்டும். ஆகவே இந்த வயரில் கொஞ்ச தூரத்துக்குப் படம் வரும், தூரம் கூடக்கூட வெளுக்கும். அதன் வழியாகக் கரண்டு அனுப்பவும் கூடாது.

கடைசியாக மல்டிமீட்டர். முனைகள் திறந்திருக்கும்போது நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையில் தொடர்பே காட்டக் கூடாது. பிறகு ஒரு முனையில் இரண்டையும் முறுக்கிவிட்டு மறுமுனையில் அளக்க வேண்டும். 30 மீட்டர் செம்புக் கேபிளில் ஓரிரண்டு ஓம் காட்டும். பத்து, இருபது என்று காட்டினாலோ, வயரை அசைக்கும்போது எண் தாவினாலோ, வழியில் எங்கோ அரிப்பு இருக்கிறது. இல்லையென்றால் யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் இருக்கிறது. ஜாயிண்ட்டை முறையான கனெக்டர் போட்டுச் சரிசெய்யலாம்.

ராத்திரி மட்டும் படம் போகிறதா?

பழைய வயரில் புதுக் கேமரா மாட்டியபின் வரும் புகார்களில் முக்கியமானது இது: பகலில் படம் அருமை, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறது. குற்றவாளி பெரும்பாலும் கோஆக்ஸியல் அல்ல, கூடவே ஓடும் மெல்லிய கரண்டு வயர். 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 40 மீட்டர் போய், 40 மீட்டர் திரும்பினால் தடை ஏறக்குறைய 7 ஓம். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரிய, கேமரா 0.4 ஆம்பியர் இழுத்தால் 2.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் கிளம்பி, 9 வோல்ட்தான் சேரும். கேமராவுக்குப் பக்கத்திலேயே தனி அடாப்டர் வைத்தால் சரியாகிவிடும். இதற்காகச் சுவரைக் கொத்த வேண்டியதில்லை.

கரிசல் மண்ணுக்குள் போன வயர்

சுவருக்குள் இருக்கும் வயருக்காக வாதாடும் நான், மண்ணுக்குள் புதைத்த வயருக்காக வாதாட மாட்டேன். கரிசல் களிமண் ஐப்பசி மழையில் ஊறி உப்பும்; சித்திரை வெயிலில் சுருங்கி வெடிக்கும். வருடா வருடம் நடக்கும் இந்த இழுபறியில் கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் புதைத்த பி.வி.சி. குழாயின் இணைப்புகள் விலகும், தண்ணீர் இறங்கும். அந்தத் துண்டைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

இடியும் உண்டு. பக்கத்தில் விழும் மின்னலின் தாக்கம் நீளமான செம்பு வயரில் ஏறிப் பெட்டிக்குள் நுழையும். மண் வெடித்த காலத்தில் எர்த் கம்பியைச் சுற்றிப் பிடிப்பு விட்டுப்போய், எர்த்தும் வலுவிழந்திருக்கும். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றிவைப்பதும், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு வயருக்கும் சர்ஜ் தடுப்பான் மாட்டுவதும் அவசியம். தூரத்துக் களத்துக்கும் குடோனுக்கும் புதிதாக இழுப்பதானால் கண்ணாடி இழைக் கேபிள் நல்லது. உலோகம் கலக்காத கேபிளில் மின்னல் ஏறாது.

நெட்வொர்க் கேமராதான் வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. கோஆக்ஸியலில் நெட்வொர்க் சிக்னலை அனுப்பும் மாற்றிகள், முனைக்கு ஒன்றாக, ஜோடியாகக் கிடைக்கின்றன. வயர் உண்மையிலேயே செத்துவிட்டால்கூட அதன் முனையில் கேட்-6-ஐக் கட்டி மறுபக்கம் இழுங்கள். குழாய் அடைக்காமல் இருந்தால் சுவரைத் தொடாமலே புது வயர் ஏறிவிடும்.

செலவு செய்ய வேண்டிய இடம்

பழைய பெட்டியின் மேல் எனக்கு இரக்கம் இல்லை. 2016-ல் ‘மிராய்’ என்ற தீநிரல், ஆலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. அவற்றைக் கொண்டே அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களை மணிக்கணக்கில் தடுமாற வைத்தார்கள். மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன பெட்டி இணையத்தில் இருப்பது வீட்டைத் திறந்துபோட்டதற்குச் சமம்.

பதிவு நிற்கிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். விசாரித்த கோவில்பட்டி நீதித்துறை நடுவர், காவல் நிலையத்தில் கேமராக்கள் இருந்தன, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் இடமும் இருந்தது, ஆனால் பதிவு அன்றன்றைக்கே தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள் என்று அறிக்கை தந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் காவல் நிலையங்களில் 18 மாதப் பதிவு நிற்கும்படி கேமராக்கள் வேண்டும் என்று உத்தரவிட்டது. கேமரா தொங்குவதாலேயே சாட்சி உண்டாகிவிடாது என்பதை கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 21 ஜிகாபைட்டுக்கு மேல். நான்கு கேமராவுக்கு 86. ஒரு டெராபைட் டிஸ்க்கில் பதினோரு நாள்தான் நிற்கும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பும் குடும்பத்துக்கு அது போதாது.

ஆகவே கேமரா மாட்ட வரும் தம்பியிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: “வயரை மீட்டர் வச்சுப் பாத்தாச்சா?” பார்க்காமலே உருவச் சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். பார்த்து, தேறாது என்று காரணம் காட்டினால் மாற்றுங்கள். தேறினால், சுவருக்குப் போகவிருந்த பணத்தில் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், எர்த்தைச் சரிசெய்யுங்கள், பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். பெற்றவர்களின் பாதுகாப்புக்கு என்று பிள்ளைகள் அனுப்பும் காசு அந்தப் பாதுகாப்புக்கே போய்ச் சேர வேண்டும்.