நாடாவில் உறங்கிய நாதம்

கணபதி உற்சவம் வந்துவிட்டால் கோந்த்வா தெருக்களில் கீபோர்டு இசை காதைத் துளைக்கும். அந்தக் கீபோர்டுக்குப் பாட்டனார் முறையான 'மூக்' சின்தசைசர், 1969-லேயே ஆமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு வந்துவிட்டது. நிறுவித் தந்தவர் அமெரிக்கரான டேவிட் டியூடர். அதில் இசையமைத்தவர்களுள் ஒருவர் கீதா சாராபாய். விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரி, நடனமணி மிருணாளினியின் நாத்தனார். பெண்கள் தொடாத பக்காவஜைத் துணிந்து வாசித்தவர். 1946-ல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை கற்பித்தார். கேஜுக்குப் பாடம் சொன்னவர் என்ற பெயர்தான் நிலைத்தது. தாமே மின்னிசை அமைத்தவர் என்பது மறந்தே போயிற்று. கழகத்தின் காப்பகத்தில் கிடந்த ஒலிநாடாக்களை லண்டன் கலைஞர் பால் பர்கஸ் தேடியெடுத்தார். 2023-ல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. கீதாவோ 2011-லேயே காலமாகிவிட்டார்.