ஒற்றை அறை வீட்டில் ஒரு டெரியர்



அம்பர்நாத்தில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியை இம்மாதம் எடுத்துக்கொள்ளுகிறோம். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற உங்கள் பிள்ளை, கட்டிடத்தில் யாரோ வளர்க்கும் ஒரு குட்டி நாயைப் பார்த்துவிட்டு, "நமக்கும் ஒன்று வேண்டும்" என்று கேட்கிறது. பெரிய நாய்க்கு நம் வீட்டில் இடமில்லை என்பது பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அது கேட்பது ஒரு யார்க்‌ஷயர் டெரியரையோ, ஒரு ஜாக் ரஸ்ஸலையோதான். மூன்று கிலோ எடையுள்ள நாய்க்கு எவ்வளவு இடம் வேண்டும், மடியிலேயே கிடக்குமே என்று நீங்களும் நினைக்கிறீர்கள். விற்பவரும் அப்படியே சொல்லுகிறார்.

அங்கேதான் தவறு நேருகிறது. இந்த நாயின் சரீரம் சிறியது. ஆனால் அதின் சுபாவம் சிறியதல்ல. வாங்குவதற்கு முன் அதை அறிந்துகொண்டால், பின்னால் ஒரு ஜீவன் படும் பாட்டைத் தவிர்க்கலாம்.

'டெரியர்' என்ற பெயர், மண்ணைக் குறிக்கும் 'டெர்ரா' என்ற இலத்தீன் சொல்லின் வழியாய் வந்தது. வளைக்குள் புகுந்து எலியையும் நரியையும் விரட்டுவதற்காகவே தலைமுறை தலைமுறையாய்ப் பழக்கப்பட்ட நாய் இது. மண்ணுக்குள் போன நாய் எங்கே இருக்கிறது என்று மேலே நிற்கிற மனிதன் அறிய வேண்டுமானால், அது விடாமல் குரைக்க வேண்டும். எனவே நன்றாய்க் குரைக்கிறதும், தயங்காமல் தோண்டுகிறதும், தன்னிலும் பெரிய மிருகத்துக்கு அஞ்சாததுமான நாய்களையே தெரிந்தெடுத்துப் பெருக்கினார்கள். இன்று உங்கள் மெத்தையை அது பிறாண்டுகிறதென்றால், படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டவுடனே கத்துகிறதென்றால், அதற்குக் கெட்ட புத்தி என்று சொல்லாதேயுங்கள். எதற்காக உண்டாக்கப்பட்டதோ அதைத்தான் செய்கிறது.

யார்க்‌ஷயர் டெரியரின் கதையை நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஸ்காட்லாந்திலே பிழைப்பு இல்லாமற்போன நெசவாளிகள், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க்‌ஷயர், லங்காஷயர் ஆலைகளுக்கு வேலை தேடி வந்தார்கள். சொந்த ஊரைவிட்டு வந்த அந்த ஏழைகள் தங்களுடைய சிறிய நாய்களையும் கூடக் கொண்டுவந்தார்கள். அவர்கள் வேலை செய்த இடங்களிலும் குடியிருந்த நெருக்கமான வீடுகளிலும் எலிகள் மிகுதி. அவைகளைப் பிடிப்பதே அந்த நாய்களின் வேலை. 1865-இல் பிறந்த 'ஹடர்ஸ்ஃபீல்ட் பென்' என்ற நாயையே இந்த இனத்தின் தகப்பன் என்பார்கள். பட்டுப் போன்ற முடியும் தலையில் ரிப்பனுமாய்ச் சீமாட்டிகளின் மடியில் அது ஏறினது பிற்பாடுதான்.

நம்முடைய பிதாக்கள் திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும் விட்டு மும்பைக்கு வந்ததும் இதே விதமாய்த்தானே? அம்பர்நாத்தின் விம்கோ தீப்பெட்டி ஆலையும், படைக்கலத் தொழிற்சாலையும், பிற்பாடு வந்த தொழிற்பேட்டையும் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டன! ஆலைத் தொழிலாளியின் வீட்டு நாயாய்த் தொடங்கின ஒன்று, ஆலை ஊராகிய நம் ஊருக்கு அந்தஸ்தின் அடையாளமாய் வந்து சேருகிறதைப் பார்க்கும்போது சற்றுச் சிரிப்பும் வருகிறது.

ஜாக் ரஸ்ஸல் என்பதோ ஒரு போதகருடைய பெயர். ஜான் ரஸ்ஸல் (1795–1883) என்பவர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆங்கிலிக்கன் சபைக் குருவாய் இருந்தவர். 1819-இல், ஆக்ஸ்போர்டில் மாணவராயிருந்தபோது, ஒரு பால்காரரிடமிருந்து அவர் வாங்கின பெண் நாயிலிருந்தே இந்த வம்சம் தொடங்கினது என்று சொல்லப்படுகிறது. ஊழியத்தைக்காட்டிலும் நரி வேட்டையில் நாட்டம் அதிகம் என்று அவருடைய பேராயர் அவர்மேல் மனத்தாங்கல் கொண்டிருந்தார். அந்த வழக்கில் நாம் தலையிட வேண்டாம். நாள்முழுதும் குதிரைகளோடு ஓடுவதற்காக அவர் உருவாக்கின நாயைப் பத்துக்குப் பத்து அடி அறையில் அடைத்தால் என்ன ஆகும் என்பதே நம்முடைய கேள்வி.

உங்கள் வீட்டின் கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அம்பர்நாத்திலிருந்து சி.எஸ்.எம்.டி. சுமார் அறுபது கிலோமீட்டர். லோக்கலில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வேலை நேரத்தையும் சேர்த்தால், வீட்டுத் தலைவர் பன்னிரண்டு மணி நேரம் வெளியே. மனைவியும் வேலைக்குப் போகிறவர். பிள்ளைகளுக்குப் பள்ளி, பிறகு டியூஷன். அப்படியானால் பூட்டின கதவுக்குப் பின்னால் அந்த நாய் எட்டு மணி நேரமாவது தனியே இருக்கும். வேலையும் துணையும் இல்லாத டெரியர் குரைக்கும், கதவைச் சுரண்டும், செருப்பைக் கடித்துக் குதறும். அடுத்த வீட்டில் இரவுப் பணி முடித்துத் தூங்குகிறவர் புகார் சொல்லுவார். அவர் சொல்லுவது நியாயமே.

சொசைட்டிக்காரர்கள் நாயே வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட முடியாது. விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அதைத் தெளிவாய்ச் சொல்லுகின்றன. ஆயினும் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று அயலாரோடு சண்டைக்கு நிற்பது விசுவாசிக்கு அழகா? காலையில் அரைமணி, மாலையில் அரைமணி வாரைப் பிடித்து நடத்துங்கள். அது கழிக்கிறதை நீங்களே காகிதத்தில் அள்ளுங்கள். யார்க்‌ஷயர் வகைக்குத் தொண்டைக் குழாய் பலவீனமானது. கழுத்துப்பட்டையைவிட மார்புப்பட்டையே நல்லது. வீட்டு ஜெபக்கூட்டம் உங்கள் வீட்டில் நடக்கிறதானால் இன்னும் ஒரு காரியம் உண்டு: கைத்தாளமும் டம்பரினும் உரத்த துதியும் எழும்பும்போது நாயும் தன் பங்குக்குச் சத்தமிடும். வருகிற தாய்மாரில் நாய்க்குப் பயப்படுகிறவர்களும் உண்டு. அந்த இரண்டு மணி நேரம் அதை யார் வெளியே கொண்டுபோவது என்று முன்னதாகவே தீர்மானியுங்கள்.

எலிகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "எலித்தொல்லை தீரும்" என்றே சிலர் டெரியரை விரும்புகிறார்கள். நம் பகுதியில் எலிக்குக் குறைவில்லை; மழைக்காலத்தில் சாக்கடையும் வால்துனி ஆறும் பொங்கும்போது அவை வீடுகளைத் தேடி வருகின்றன. டெரியர் அவைகளைப் பிடிக்கவும் செய்யும். ஆனால் எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி, தேங்கின தண்ணீரின் வழியாய் நாய்க்கும் மனிதருக்கும் எலிக்காய்ச்சலை உண்டாக்குகிறது. 2005 ஜூலை 26 பெருவெள்ளத்துக்குப் பின் மும்பையில் இந்தக் காய்ச்சல் பரவி உயிர்களைக் குடித்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நோய் கண்ட நாயின் சிறுநீரும் கிருமியைக் கடத்தும். ஆகையால் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் சேர்த்துப் போடப்பட்டதா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு, ஆண்டுதோறும் போடுங்கள். மழைத் தண்ணீரில் நாயை இறக்காதேயுங்கள். நனைந்து வந்தால் கழுவித் துவட்டுங்கள், உண்ணி இருக்கிறதா என்று காதுமடலையும் விரலிடுக்கையும் பாருங்கள். இன்னும் ஒன்று: கட்டிடத்தில் எலி விஷம் வைக்கிறார்களா என்று கேளுங்கள். விஷம் தின்ற எலியைத் தின்கிற நாயும் விஷத்துக்கு இரையாகும். ஆகவே எலிக்குப் பொறி வையுங்கள். நாயை அதற்கென்று வாங்காதேயுங்கள்.

வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை மூன்று மாதக் குட்டிக்குப் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் கால அளவில் தவறாமல் போட வேண்டும். டெரியருக்குத் தன் அளவு தெரியாது. தெருவிலுள்ள நான்கு நாய்களோடு ஒரே நேரத்தில் மல்லுக்கு நிற்கும். அந்த நோய் வெளிப்பட்டபின் மனிதனோ மிருகமோ பிழைப்பது அரிதினும் அரிது. லூயி பாஸ்டர் 1885-இலேயே மனிதருக்குத் தடுப்பு மருந்து கொடுத்துக் காட்டினார். நம் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிறுவனம் 1907-இல் இதற்கென்றே தொடங்கப்பட்டது. இத்தனை காலமாய் மருந்து கையில் இருந்தும், அசதியினால் உயிரிழப்பது என்ன துக்கம்! எந்த நாய் கடித்தாலும் புண்ணை ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாப்பாட்டில் நம் பாசமே அதற்கு எதிரி. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே சாம்பாரும் குழம்பும் ஆகாது. திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் இவைகளும் விஷமே. கிறிஸ்மஸ் கேக்கில் எவ்வளவு கிஸ்மிஸ் போடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து பிரியாணி உண்ணும்போது வெந்த கோழி எலும்பைப் போடாதேயுங்கள். அது சிலும்பாய் உடைந்து குடலைக் குத்தும். உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் சாதமும் காரட்டும் கொடுக்கலாம்.

"வேதத்தில் நாய் அசுத்தமல்லவா? விசுவாசி வீட்டில் வைக்கலாமா?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். பிலிப்பியர் 3:2-லும், வெளிப்படுத்தின விசேஷம் 22:15-லும் நாய் என்று சொல்லப்படுவது மனிதரையே. கானானிய ஸ்திரீயின் சம்பவத்தை (மத்தேயு 15) வாசியுங்கள். அங்கே கிரேக்க மூலத்தில் வருவது நாய்க்குரிய பொதுச் சொல்லல்ல, சிறு நாயைக் குறிக்கும் 'குனாரியோன்'. நம் தமிழ் வேதாகமமும் 'நாய்க்குட்டிகள்' என்றே மொழிபெயர்த்திருக்கிறது. எஜமானின் மேஜைக்கு அடியில் இருக்கிற நாய் தெருநாயாய் இருக்க முடியாதே. நாத்தான் தாவீதுக்குச் சொன்ன உவமையில் (2 சாமுவேல் 12) அந்தத் தரித்திரனுடைய ஆட்டுக்குட்டி அவன் மடியிலே படுத்து, அவன் உணவிலே பங்கு பெற்று, மகளைப்போல் வளர்ந்தது. தாவீதுக்குக் கோபம் மூண்டது அதனாலேதான். மிருகத்தின் உயிரைக் காக்கிறதை நீதிமானுக்குரிய இலட்சணமாகவே நீதிமொழிகள் 12:10 வைக்கிறது. நாயைப் பிள்ளையாக்கிப் பிறந்தநாள் கேக் வெட்டுகிற பட்டண மோகம் நமக்கு வேண்டாம். அதற்காக மிருகத்துக்குச் செய்ய வேண்டிய கடமை குறைந்துபோவதில்லை.

அந்தக் கடமை சோதிக்கப்படுகிற மாதம் மே மாதம். பள்ளி விடுமுறை விட்டவுடன் நாம் ஊருக்குப் போகிறோம். அசனப் பண்டிகை, கல்யாணம், வீட்டு வேலை என்று ஒரு மாதம் ஓடிவிடும். நாய் எங்கே போகும்? ரயிலில் ஸ்லீப்பரிலோ மூன்றடுக்கு ஏசியிலோ அதை ஏற்ற விதியில்லை. முதல் வகுப்பில் ஒரு கூபேயை முழுவதுமாய் நாமே எடுத்தால் கூடக் கொண்டுபோகலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியிலுள்ள கூண்டு. நாகர்கோவில் எக்ஸ்பிரஸின் ஒன்றரை நாள் பயணத்தில், மே மாத வெயிலில், தனியாய்க் கூண்டில் கிடக்கும் சிறு நாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். வியர்த்துத் தணிய அதற்கு வழியில்லை. மூச்சிரைத்தே உஷ்ணத்தைத் தணிக்கிறது.

ஆகவே சிலர் என்ன செய்கிறார்கள்? சாவியை அடுத்த வீட்டில் கொடுத்து "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். சிலர் மலையடிவாரத்திலோ ரயில் பாதை ஓரத்திலோ விட்டுவிட்டு, ஓடிப்போயிற்று என்று பிள்ளையிடம் சொல்லுகிறார்கள். பட்டினியும் தாகமும் வர விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். மடியிலேயே வளர்ந்த டெரியர் தெருவில் ஒரு வாரம் தாங்காது. பிள்ளையோ உண்மையை ஒருநாள் கண்டுபிடிக்கும்.

பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டு உயிர்வாழும் நாய் இது. பதினைந்து மே மாதங்களுக்கு உங்களிடம் பதில் உண்டா? இல்லையென்றால் பிள்ளையிடம் "இப்போது வேண்டாம்" என்று சொல்லுங்கள். கட்டிடத்தில் நாய் வளர்ப்பவரிடம் மாலைதோறும் நடத்திக்கொண்டு போக அனுமதி கேட்டுக்கொடுங்கள். உண்டென்றால், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு விதி இருப்பதை நினைவில் வைத்து, தாய் நாயையும் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ரயில் முன்பதிவு இப்போது அறுபது நாட்களுக்கு முன்பே திறக்கிறது. மார்ச் மாதத்தில் டிக்கெட் எடுக்கிற அன்றைக்கே, நாயை வைத்துக்கொள்ளப்போகிற குடும்பத்தாரிடமும் போய்ப் பேசிவிடுங்கள். ஏப்ரலில் இரண்டு இரவு அதை அங்கே தங்க வைத்துப் பழக்குங்கள். ஊருக்குப் புறப்படும்போது அதின் தட்டையும், நீங்கள் உடுத்தித் துவைக்காத ஒரு பழைய துணியையும், மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.