உஷார்! ‘பத்து நாள்தானே’ என்று பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்

ஆனி முடியப் போகிறது. வீட்டுக்காரரிடம் ‘இந்த மாசக் கடைசியில காலி பண்ணிடுறோம்’ என்று சொல்லிவிட்டு, புது ஃபிளாட் சாவிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் சென்னையில் இப்போது ஏராளம். பில்டர் ‘அடுத்த வாரம்’ என்று வாராவாரம் சொல்கிறார். நடுவில் ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச மாட்டோம், ஆவணி வரை பொறுக்க வேண்டும். பழைய வீட்டுக்கோ அடுத்த ஆள் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. சாமான்களை பேக்கர்ஸ் குடோனில் போட்டுவிட்டு, நாலு பெட்டியோடு எழும்பூரிலோ வடபழனியிலோ ஒரு லாட்ஜில் இருந்துகொள்ளலாம், பத்து நாள்தானே என்று தோன்றும்.

அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பத்து நாள் இருபது நாளாகிறது, ஆடி முழுக்க அங்கேயே கழிகிறது. கையிருப்பு கரைந்த பிறகுதான் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கை இப்போதே போடுங்கள்.

நாளைக்கு 1,500 ரூபாய் அறை என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் குடும்பத்தோடு தங்கும்படியான அறைக்கு இது ஒன்றும் அதிகமில்லை. முப்பது நாளுக்கு 45,000. அதன்மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம், 2,250. அடுப்பு கிடையாது என்பதால் மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய் என்று இறுக்கிப் பிடித்தாலும் நாலு பேருக்கு 1,200, மாதத்துக்கு 36,000. ஆக 83,250 ரூபாய். துணி வெளுக்க, குடோன் வாடகை, சாமான்களை இரண்டு தடவை ஏற்றி இறக்கும் கூலி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஆட்டோ எல்லாம் தனி. மாதம் 25,000 வாடகையில் மூன்று வேளையும் சமைத்துச் சாப்பிட்ட குடும்பம் இது.

‘பழைய வீட்டு அட்வான்ஸ் வருமே’ என்பீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். அதாவது நீங்கள் லாட்ஜில் பணத்துக்குத் தவிக்கும் அதே ஒரு மாதம் வீட்டுக்காரர் அதைக் கையில் வைத்திருக்கலாம், கேட்க முடியாது. பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைக் கழிக்கும் பழக்கத்தையும் நினைவில் வையுங்கள். அந்தப் பணத்தை நம்பி அறை எடுக்காதீர்கள்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து, உங்களுக்கு அங்கே எந்தப் பிடிமானமும் இல்லை என்பது. வாடகை வீட்டில் இருப்பவரை நினைத்த நேரத்தில் வெளியே அனுப்ப முடியாது. ஓட்டல், லாட்ஜ் அறைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நாள் வாடகை என்றால் நாளை வரைக்கும்தான். ஆவணி பிறந்ததும் பாருங்கள், முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் கவுன்டரிலிருந்து போன் வரும்: “சார், நாளைக்கும் மறுநாளும் கல்யாண பார்ட்டி, ஃபுல் ஃப்ளோரும் புக்கிங். ரெண்டு நாளைக்கு மட்டும் வேற எங்கயாவது பார்த்துக்குங்க.” வயதான மாமியாரையும் பத்தாம் வகுப்புப் பையனையும் கூட்டிக்கொண்டு அந்த இரவில் எங்கே போவது? சுற்றியுள்ள லாட்ஜ்களிலும் அதே முகூர்த்தக் கூட்டம்தான், அங்கே ரேட்டும் ஏறியிருக்கும்.

அதனால், மொத்தமாகத் தங்கப் போகிறீர்கள் என்றால் மேனேஜரிடம் முதல் நாளே பேசி, எழுதி வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன ரேட், முகூர்த்த நாளிலும் அதே ரேட்தானா, அதே அறைதானா என்று அவருடைய வாட்ஸ்அப்பிலிருந்து ஒரு செய்தியாவது வரவேண்டும். ‘நம்ம ஆளுங்கதானே சார், பார்த்துக்கலாம்’ என்ற வாய்வார்த்தை முகூர்த்த நாளில் உதவாது. ஒரு மாதத்துக்கும் சேர்த்து முன்பணம் கட்டாதீர்கள், வாரத்துக்கு ஒரு முறை கட்டி ரசீது வாங்குங்கள். இடையில் சாவி வந்துவிட்டால் மிச்சப் பணத்தை வாங்குவது படாத பாடு.

செக் அவுட் நேரத்தையும் கேளுங்கள். சில இடங்களில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம், சில இடங்களில் பகல் 12 மணி. 12 மணிக் கணக்கு உள்ள இடத்தில் காலை ஆறு மணிக்குப் பெட்டியோடு போய் நின்றால், ஆறே மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போய்விடும்.

ஆன்லைனில் தேடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரபலமான விடுதியின் பெயரிலேயே போலி இணையதளம் இருக்கும். கொடுத்திருக்கும் எண்ணுக்குப் போன் போட்டால் பதமாகப் பேசுவார்கள், க்யூஆர் கோடு அனுப்புவார்கள், ‘பாதிப் பணம் இப்பவே போட்டாத்தான் ரூம் நிக்கும்’ என்பார்கள். இப்படிப்பட்ட அறைப்பதிவு மோசடிகளைப் பற்றி மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரிக்கை விட்டது. உள்ளூரில்தானே இருக்கிறீர்கள்? நேரில் போய் அறையைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். ஏமாந்துவிட்டால் யோசித்துக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

பில்லையும் படித்துப் பாருங்கள். நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தையே போட்டால் கேளுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது. சாப்பாட்டு பில்லில் தானாகவே சேர்க்கும் சர்வீஸ் சார்ஜைக் கட்ட வேண்டியதில்லை. 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போட்ட அந்த விதியை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. தகராறு என்றால் 1915, நுகர்வோர் உதவி எண்.

இனி சொல்லப் போவதை வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும்.

2022 செப்டம்பர் 12-ம் தேதி இரவு, செகந்திராபாத்தில் ஒரு லாட்ஜுக்குக் கீழே இருந்த மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பிடித்தது. மேலே தங்கியிருந்தவர்களில் 8 பேர் இறந்தார்கள். 2025 ஏப்ரல் 29-ம் தேதி கொல்கத்தாவின் புர்ராபஜார் பகுதியில் ஒரு ஓட்டல் எரிந்தபோது பலியானவர்கள் 14 பேருக்குக் குறையாது. பெரும்பாலானோர் தீயில் கருகவில்லை, புகையில் மூச்சு முட்டி இறந்தார்கள். நெருக்கடியான கடைத்தெருவில் குறுகலான கட்டிடம், கீழே கடை, மேலே அறைகள், புகை மேலே ஏற மாடிப்படியே வழி. நம் ஊர்ப் பேருந்து நிலையங்களையும் ரயில் நிலையங்களையும் சுற்றியிருக்கும் மலிவான லாட்ஜ்களை ஒரு நிமிடம் கண்முன் கொண்டுவாருங்கள்.

அறை பார்க்கப் போகும்போது ஏசியையும் டிவியையும் பார்ப்பதற்கு முன் மாடிப்படியைப் பாருங்கள். இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா என்று கேட்டால் ‘இருக்கு சார், பின்பக்கம்’ என்பார்கள். அதோடு திரும்பிவிடாமல் நடந்து போய்ப் பாருங்கள். பழைய மெத்தைகளும் பெயின்ட் டப்பாக்களும் உடைந்த நாற்காலிகளும் அடுக்கி, கடைசியில் ஒரு கிரில் கதவு, அதில் துருப்பிடித்த பூட்டு இருக்கும். சாவி யாரிடம் என்று ரூம்பாய்க்குத் தெரிந்திருக்காது. அப்படி ஒரு இடம் 300 ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஜன்னல் திறக்கிறதா, ஏசிக்காகப் பலகை வைத்து அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மின்சார ஸ்கூட்டர்களுக்கு இரவெல்லாம் சார்ஜ் போடுகிறார்களா, அந்த இடம் படிக்கட்டை ஒட்டி இருக்கிறதா? முதல் மாடியிலோ இரண்டாவது மாடியிலோ, தெருவைப் பார்த்த அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

செலவைக் குறைக்க அறைக்குள் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சமைக்கிறவர்கள் உண்டு. ஏசியும் கீசரும் ஓடும் பழைய வயரிங்கில், கட்டிலுக்குப் பக்கத்து பிளக்கில் அதைச் செருகுவது உயிரோடு விளையாடுவது. சிறிய கேஸ் சிலிண்டரை மறைத்துக் கொண்டுபோவதோ அதைவிட மோசம், நூறு பேர் தூங்கும் கட்டிடத்தில் அதைச் செய்ய யாருக்கும் உரிமை கிடையாது. பக்கத்திலேயே மெஸ் இருந்தால் மாதக் கணக்குப் பேசிக்கொள்ளுங்கள். அதுதான் சாப்பாட்டுச் செலவைக் குறைக்க நல்ல வழி.

அடையாள அட்டை நகல் கேட்பார்கள். ஆதாரையே கொடுப்பதானால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க் செய்த ஆதாரைக் கொடுங்கள். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டையும் செல்லும். நகலின் மேல் எந்த லாட்ஜுக்கு, எந்தத் தேதிக்கு என்று பேனாவால் எழுதிவிடுங்கள். பத்திரம், நகை, சான்றிதழ் எல்லாம் வங்கி லாக்கரில் இருக்க வேண்டும். சாவி மாறும் அறையில் அவற்றை ஒரு இரவுகூட வைக்காதீர்கள், குடோனுக்குப் போகும் பெட்டியிலும் போடாதீர்கள். இந்த இடைவெளியில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பதையும் தள்ளிப்போடுங்கள். பழைய முகவரிக்கு போலீஸ் விசாரணைக்கு வந்து நீங்கள் அங்கே இல்லை என்று எழுதிவிட்டால் விண்ணப்பம் சிக்கலில் மாட்டும்.

மூட்டைப்பூச்சியைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பெட்டியை உள்ளே கொண்டுவருவதற்கு முன், விரிப்பைத் தூக்கி, மெத்தையின் ஓரத் தையலை செல்போன் டார்ச்சில் பாருங்கள். மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள் இருந்தால் அந்த அறை வேண்டாம். கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னாலும் பாருங்கள். மாதக்கணக்கில் இரத்தமே குடிக்காமல் உயிரோடு இருக்கும் பூச்சி அது. பெட்டியின் ஜிப்புக்குள் ஒளிந்து புது வீட்டுக்கே வந்துவிட்டால், ஒழிப்பதற்குள் லாட்ஜில் மிச்சம் பிடித்த பணம் அத்தனையும் போகும். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள். கிளம்பும்போது துணிகளைக் கொதிநீரில் போட்டெடுத்த பிறகே புது அலமாரியில் அடுக்குங்கள்.

இவ்வளவும் சொல்வது லாட்ஜே கூடாது என்பதற்காக இல்லை. வேறு வழியில்லாமல் போகிறவர்கள் உண்டு, அவர்கள் பத்திரமாக இருக்க வேண்டும். ஆனால் பாதிப் பேருக்கு வேறு வழி இருக்கிறது, கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள். வீட்டுக்காரரிடம் போய், ‘சார், இன்னும் ரெண்டு மாசம் இருந்துக்கிறோம், வாடகை அஞ்சாயிரம் கூடவே தர்றோம்’ என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கூடுதல் 10,000, லாட்ஜில் ஒரு வாரம்கூடத் தாங்காத தொகை. ஒப்புக்கொண்டால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பில்டர் ‘சாவி ரெடி’ என்றால் நிறைவுச் சான்றிதழ் வந்துவிட்டதா, மின் இணைப்பு, தண்ணீர் வந்துவிட்டதா என்று நீங்களே போய்ப் பார்த்துவிட்டு, அதன்பிறகு நோட்டீஸ் கொடுங்கள்.

ஏற்கெனவே காலி செய்துவிட்டு அறையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. ஒப்பந்தத்தில் போட்ட தேதிக்குள் ஃபிளாட்டை ஒப்படைக்காத பில்டர், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி தரவேண்டும் என்று ரெரா சட்டத்தின் 18-ம் பிரிவு சொல்கிறது. புகாரைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் கொடுக்கலாம். தாமதத்தால் உங்களுக்கு ஆன செலவைக் காட்டக் காகிதம் வேண்டும். அறை பில், குடோன் ரசீது, ‘அடுத்த வாரம்’ என்று பில்டர் ஆபீஸிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தி, எதையும் அழிக்காதீர்கள், தூக்கிப் போடாதீர்கள். லாட்ஜ் பில் துண்டுச் சீட்டாக இல்லாமல் உங்கள் பெயரும் தேதியும் போட்டு வரட்டும். இன்றைக்குச் சாயங்காலமே கவுன்டரில் கேட்டு வாங்கிவிடுங்கள்.